பூட்டிய காரில் நள்ளிரவில் தானாக எரியும் ஹெட்லைட்: கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னுடையது எட்டு ஆண்டு பழைய பெட்ரோல் கார். விளக்குகளை அணைத்து, பூட்டிவிட்டு வந்த பிறகு, நள்ளிரவில் ஹெட்லைட் தானாகவே எரிகிறது. மழை பெய்த இரவுகளில் இது அதிகம். பேட்டரி இறங்கி, காலையில் வண்டி கிளம்ப மறுத்ததால் புதிய பேட்டரி போட்டேன், அப்படியும் தீரவில்லை. என்ன செய்யலாம்?"

பேட்டரியை மாற்றி இந்தக் கோளாறு தீராது, ஏனெனில் பேட்டரி இறங்குவது கோளாறின் விளைவுதான். 55 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் 9 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் செலவாகும். சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். அதன்பின் ஸ்டார்ட்டர் மோட்டார் திணறத் தொடங்கும். இப்படி அடிக்கடி முழுமையாக இறங்கினால் புதிய பேட்டரியும் விரைவில் கெட்டுவிடும். ஆகையால் கோளாறு சரியாகும் வரை இரவில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். அப்போது ரிமோட் வேலை செய்யாது என்பதால், சாவியால் கதவைத் திறக்க முடிகிறதா என்பதை முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இயல்பான செயல்பாட்டையே கோளாறு என்று எண்ணிக்கொள்வோரும் உண்டு. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போது முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அது விதி. ஆட்டோ ஹெட்லைட் உள்ள காரில் பகலிலேயே விளக்கு எரிந்தால், ஒளியை உணரும் சென்சார் மறைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டேஷ்போர்டின் மேல் வைத்த பொம்மையோ, கண்ணாடியில் தவறான இடத்தில் ஒட்டிய ஃபாஸ்டேக் ஸ்டிக்கரோ அதற்குப் போதும். பூட்டியதும் சில விநாடிகள் எரிந்து தானே அணைவதும் பல மாடல்களில் உள்ள வசதிதான். ஆனால், பூட்டிப் பல மணி நேரம் கழித்து எரிவது இவற்றில் எதிலும் சேராது.

பெரும்பாலான கார்களில் ஹெட்லைட்டுக்கான மின்சாரம், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே வழியாகவே செல்கிறது. ரிலேயின் உள்ளே இருக்கும் சிறு காயிலுக்கு ஏறத்தாழ 0.15 ஆம்பியர் கிடைத்தாலே அது காந்தமாகி, பெரிய மின்னோட்டத்துக்கான தொடுமுனைகளை இணைத்துவிடும். இத்தகைய புகார் வந்ததும் பலர் ரிலேயைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்வது உண்மையிலேயே நடக்கக்கூடியது. ஆனால் அப்படி ஒட்டியிருந்தால், சுவிட்சை அணைக்கும்போதே விளக்கு அணையாமல் நின்றிருக்கும். உங்கள் காரிலோ ஒழுங்காக அணைந்த விளக்கு, பின்னர் மழை ஈரத்தில் மீண்டும் எரிகிறது. எனவே ரிலேயைவிட, அதன் காயிலுக்கு வேண்டாத நேரத்தில் மின்சாரம் எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் என் கவனம் செல்கிறது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பல மாடல்களில், குறிப்பாக ஜப்பானிய வடிவமைப்புகளில், காயிலின் ஒரு முனையில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும்; சுவிட்ச் செய்வதெல்லாம் மறுமுனையை எர்த்துடன், அதாவது காரின் உலோக பாடியுடன் சேர்ப்பதுதான். அந்த மறுமுனை வயரின் உறை எங்கேனும் தேய்ந்தோ, எலி கடித்தோ பாடியைத் தொட்டால் ஃபியூஸ் போகாது. சுவிட்சைப் போட்டது போலவே விளக்கு எரியும். வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் நீர் புகுந்து, அதன் உலோகப் பின்களுக்கிடையே பச்சை நிறக் களிம்பு படிந்தாலும் அதே விளைவுதான். வைப்பருக்குக் கீழேயுள்ள வடிகால் துளையை இலைகள் அடைத்துவிட்டால், மழைநீர் வழிந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் வரை இறங்கும். பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸ் மூடி சரியாகப் பொருந்தாமல் இருப்பதும், எஞ்சினைப் பிரஷர் பம்ப் வைத்துக் கழுவுவதும் பின்களை நனைக்கும். சோதனையை இந்த இடங்களில்தான் தொடங்க வேண்டும்.

விளக்கு தானாக எரிந்துகொண்டிருக்கும்போது ரிலேயைப் பிடுங்குங்கள். அப்போதும் அணையவில்லை என்றால், ரிலேக்குப் பின்னால் வேறு வழியில் மின்சாரம் வருகிறது. கூடுதல் வாட் பல்புக்காகவோ ஃபாக் லேம்புக்காகவோ வெளியில் போட்ட வயரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அணைந்துவிட்டால், அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயைப் பொருத்துங்கள். அதிலும் உடனே எரிந்தால் ரிலே நல்லது, காயில் சுற்றில்தான் பிழை. அடுத்து, ரிலே இல்லாத சாக்கெட்டில், சுவிட்ச் அணைந்த நிலையில், மல்டிமீட்டரால் வோல்ட் பாருங்கள். தொடுமுனைக்கான பின் ஒன்றில் மட்டுமன்றி, காயிலின் ஒரு பின்னிலும் 12 வோல்ட் இருந்தால் உங்கள் கார் மேலே சொன்ன வகை. பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, காயிலின் மறுபின்னுக்கும் பாடிக்கும் இடையே ஓம் அளவு பார்க்க வேண்டும். அது திறந்த சுற்றாகத்தான், அதாவது மின்தொடர்பே இல்லாததாகத்தான் இருக்க வேண்டும். குறைந்த ஓம் எதையாவது காட்டினால் கசிவு அங்கேயே உள்ளது. ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்சின் கப்ளரைக் கழற்றியதும் அந்த அளவு மறைந்தால் குற்றம் சுவிட்சில், மறையாவிட்டால் வயரில். இந்த அளவை ஈரமான நாளில் எடுப்பது முக்கியம், காய்ந்த நாளில் எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்டியரிங் பகுதியில் மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அந்தக் கட்டத்தைத் தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

களிம்பு ஏறிய பின்களை கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து உலர்த்தலாம். அரித்துப்போன வயரை வெட்டிச் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் அடுத்த மழையில் மீண்டும் கசியும். ஹெட்லைட் வயரின் நடுவே தனியாக ஒரு சுவிட்ச் வைத்துத் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். தரமற்ற அந்தச் சுவிட்ச் இரவு நேர நெடுஞ்சாலையில் பழுதானால், உங்கள் உயிருக்கே ஆபத்து.

உங்கள் மாடலில் ரிலேயை பாடி கன்ட்ரோல் மாட்யூல் (விளக்கு, பூட்டு போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) இயக்குவதாக இருந்தால், மெக்கானிக் ஸ்கேனர் வைத்துப் பார்க்கும்போது விளக்குச் சுவிட்சின் நிலை 'ஆன்' என்று தெரிகிறதா எனக் கேளுங்கள். சுவிட்சைப் போடாமலே அப்படித் தெரிந்தால், சுவிட்சிலோ அதன் வயரிலோ ஈரம் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றைச் சோதித்து முடிக்காமல், விலை அதிகமான மாட்யூலை மாற்றச் சம்மதிக்க வேண்டாம்.