வெண்குள்ளனும் பக்கத்து வெளிச்சமும்

அன்புள்ள ஐயா,

வைஸ் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் ஒரு வெண்குள்ளன் (எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சம்) 3.4, 4.6 மைக்ரான் அலைநீளங்களில் கணக்கைவிட மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கிறது. அதைச் சுற்றித் தூசி வட்டம் இருக்கிறது என்று எழுதிவிடலாமா? அகச்சிவப்பு ஃபில்டரைக் கழற்றிய கேமராவால் மாடியிலிருந்து அதைப் பார்க்க முடியுமா?

ஒரு மாணவன், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

கேமராவால் முடியாது. அதன் சிலிக்கான் உணரி 1.1 மைக்ரானோடு நின்றுவிடும். ஆயிரம் கெல்வின் தூசி 3 மைக்ரானை ஒட்டித்தான் அதிகம் ஒளிரும். அதை விடு.

'எழுதிவிடலாமா' என்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. கூடாது. ராத்திரி காசிமேட்டில் நின்று கடலைப் பார். தூரத்தில் ஒற்றை விளக்காகத் தெரிவது, கிட்டே வந்தால் இரண்டு போட். வைஸுக்கும் 6 ஆர்க்செகண்டுக்குள் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) இருப்பதெல்லாம் ஒரே புள்ளிதான். வெண்குள்ளனோ பூமி அளவே உள்ளது, அகச்சிவப்பில் மிக மங்கல். பின்னால் ஒரு சின்ன கேலக்ஸி இருந்தால் போதும், உன் 'மூன்று மடங்கு' வந்துவிடும்.

இடத்தைச் சரிபார்த்தாயா? விண்மீன்களின் இடத்தை அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீடு 2016 நிலவரப்படி இடம் சொல்கிறது. வைஸ் படமெடுத்தது 2010-ல். வருஷத்துக்கு அரை ஆர்க்செகண்ட் நகரும் வெண்குள்ளன் அதற்குள் 3 ஆர்க்செகண்ட் தள்ளிப் போயிருக்கும். பின்னோக்கி நகர்த்தாமல் பொருத்தினால் நீ அளந்தது பக்கத்து விளக்கை. நகர்த்திய பிறகும் 3.4 மைக்ரான் புள்ளியின் மையம் ஒரு ஆர்க்செகண்டுக்கு மேல் விலகி நின்றால் ஏதோ கலந்திருக்கிறது. ஸ்பிட்சர் என்ற இன்னொரு அகச்சிவப்புத் தொலைநோக்கி அந்த இடத்தைப் பார்த்திருந்தால் அந்தப் படத்தையும் எடு. அது இன்னும் கூர்மையானது.

அடுத்து, மிகை, அதாவது கணக்கைவிடக் கூடுதலான ஒளி, எந்த அலைநீளத்தில் தொடங்குகிறது என்று பார். 1.2 மைக்ரானிலேயே ஏறினால் அநேகமாகத் துணை விண்மீனோ பழுப்புக் குள்ளனோதான் (விண்மீனாகும் அளவுக்கு நிறையில்லாத பொருள்). 1.2, 1.6 இரண்டும் கணக்கோடு ஒட்டி வந்து 2.2-லிருந்து ஏறினால் தூசிக்கு வாய்ப்பு. 2.2-ம் ஒட்டி, வைஸில் மட்டும் துள்ளினால் சந்தேகத்தைக் கூட்டிக்கொள். நிறமாலையில் 393 நானோமீட்டரில் கால்சியக் கோடு இருந்தால் உன் பக்கம் வலுக்கும். உடைந்த சிறுகோள்களின் உலோகம் வெண்குள்ளன்மேல் விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஜி29-38 என்ற வெண்குள்ளனின் மிகையை 1987-ல் கண்ட வானியலாளர்கள் சக்கர்மனும் பெக்லினும் பழுப்புக் குள்ளனாக இருக்கலாம் என்று நினைத்தார்கள். ஆனால் கட்டுரைத் தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டார்கள். கிழிந்த சிறுகோளின் தூசி என்ற விளக்கத்தை வானியலாளர் மைக்கேல் ஜுரா தந்தது 2003-ல்தான். 2005-ல் ஸ்பிட்சர் அங்கே சிலிக்கேட் துகள்களைக் காட்டியது. உனக்கு ஒரு வாரம் பொறுக்கவில்லையா?

கண்டுபிடிக்கத் துடிக்கும் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன். இடத்தை 2010-க்கு நகர்த்தி, மையம் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, அந்த எண்ணை எனக்கு எழுது.

அன்புடன்