பி. ரம்லியும் நம் வீட்டு முதியவர்களும்

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் தந்தையார், சிவாஜி கணேசனின் படங்களைப் போலவே மலாய் நடிகரும் இயக்குநருமான பி. ரம்லியின் கறுப்பு வெள்ளைப் படங்களையும் சலிக்காமல் பார்க்கிறார். மலாய்ப் படங்கள் நம் முதியவர்களை இவ்வளவு ஈர்ப்பது எதனால்?
- வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: உங்கள் தந்தையார் அவற்றை அயலார் படங்களாகப் பார்க்கவில்லை என்றே கருதுகிறேன். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் ஷா சகோதரர்கள் தயாரித்த மலாய்ப் படங்களைத் தொடக்க காலத்தில் இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள். 1929இல் பினாங்கில் பிறந்த ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்து 1950இல் வெளிவந்த ‘பக்தி’யை இயக்கியவர் நம்மவரான எல். கிருஷ்ணன். (படத்தின் பெயரே நமக்கும் பழகிய சொல்தான்!) ஆகவே, நெஞ்சு நிறைந்த துயரத்தைப் பாட்டாகப் பாடுவதும், ஏழையின் மானத்தைக் கதையின் நடுவில் நிறுத்துவதும் அப்படங்களுக்கு இயல்பாயின. ரம்லி தாமே இயக்கிய முதல் படமான ‘பெனாரிக் பேச்சா’வில், 1955இல், செல்வர் வீட்டுப் பெண்ணை நேசிக்கும் ரிக்‌ஷாக்காரராக அவர் நடித்தபோது, உழைத்துப் பிழைத்த நம் குடும்பங்கள் அந்த மனிதரிடம் தங்களையே கண்டிருக்க வேண்டும். மொழி அங்கே தடையாக இருக்கவில்லை.

1973இல், தம் 44ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் பிறந்த வீடு உங்கள் ஊரிலேயே, அவர் பெயர் தாங்கிய சாலையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. தந்தையாரை ஒரு நாள் அங்கே அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்லும் கதைகளை மறவாமல் எழுதி வையுங்கள்.