கண்ணை மூடி ஆடுவது நம்பிக்கைக்கு வைக்கும் தேர்வா?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நானும் என் கணவரும் பெர்லினில் வசிக்கிறோம். திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஏழு மாதங்களாக இருவரும் சேர்ந்து அர்ஜென்டீன டாங்கோ வகுப்புக்குப் போய்வருகிறோம். சிறுவயதில் தஞ்சாவூரில் எட்டு ஆண்டுகள் பரதம் கற்றவள் என்பதால் ஆட்டம் எனக்குப் புதிதல்ல. போன வாரம் ஆசிரியர், பெண்கள் எல்லோரையும் கழுத்துத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடச் சொன்னார். கணவருடன் ஆடியபோது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. இரண்டு முறை தடுமாறினேன். பாதிப் பாட்டிலேயே துணியை அவிழ்த்துவிட்டேன். பிறகு ஆசிரியர் வந்து என்னுடன் ஆடினார். கண்ணை மூடியபடியே ஒரு பாட்டு முழுவதும் தடுமாறாமல் நடந்தேன். வீடு திரும்பும் ரயிலில் கணவர் பேசவே இல்லை. இரவில், "யாரோ ஒருவரை நம்பிக் கண்ணை மூட முடிகிறது, என்னை நம்பி மூட முடியவில்லையா?" என்று கேட்டார். என் மனதில் எனக்கே தெரியாமல் ஏதேனும் இருக்கிறதா? அடுத்த மாதம் மிலோங்காவுக்கு, அதாவது பலரும் கூடி டாங்கோ ஆடும் நிகழ்ச்சிக்கு, போகலாம் என்கிறார். எனக்கோ பயமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனதில் எதுவோ ஒளிந்திருப்பதாக நினைக்க உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கண்ணை மூடிய நேரத்தில் உங்கள் உடலுக்கு வந்துசேர வேண்டிய செய்தி, ஆசிரியரிடமிருந்து தெளிவாகவும் கணவரிடமிருந்து கலங்கலாகவும் வந்திருக்கிறது. பல ஆண்டுகள் ஆடியவருக்கும் ஏழு மாதம் ஆடியவருக்கும் உள்ள வித்தியாசம் அது. பழகிய ஓட்டுநர் பேருந்தை ஓட்டினால் சன்னலோரம் சாய்ந்து உறங்கிவிடுகிறோம். உரிமம் வாங்கி ஒரு மாதமே ஆன தம்பி காரை ஓட்டினால், முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை நாமே மிதிக்கிறோம். தம்பிமேல் பாசம் இல்லாததாலா மிதிக்கிறோம்?

ஐம்பதை நெருங்கும் வயதில் இந்த ஆட்டத்தைக் கற்கத் தொடங்கியவள் நான். என் முதல் ஆண்டில் இதே தடுமாற்றம் எனக்கும் இருந்ததால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிளாத்தா ஆற்றின் கரைகளில் உள்ள புவெனஸ் ஐரிஸ், மொண்டேவிடியோ நகரங்களின் எளிய மக்கள் வாழ்ந்த பகுதிகளில் உருவானது டாங்கோ. 2009இல் யுனெஸ்கோவின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. மிலோங்காக்களில் ஆடப்படும் டாங்கோவில் முன்கூட்டியே கோத்துவைத்த அடவு வரிசை கிடையாது. அடுத்த அடி முன்னாலா, பக்கவாட்டிலா, அல்லது நின்றுவிடுவதா என்பதை நடத்துபவர் அந்தக் கணத்தில்தான் முடிவு செய்கிறார். அவருடைய நெஞ்சின் திருப்பத்தையும் எடை மாறுவதையும் தழுவலின் வழியே உணர்ந்து, பின்தொடர்பவர் அடி எடுத்து வைக்கிறார். ஜோடிகள் அனைத்தும் ரோண்டா என்னும் வரிசையில், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தளத்தைச் சுற்றி வருகின்றன. அந்த வரிசையில் உங்கள் கணவர் பெரும்பாலும் முன்னோக்கி நடக்கிறார், நீங்கள் பின்னோக்கி நடக்கிறீர்கள். ஆகவே, கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தாலும் நீங்கள் போகும் திசை உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. உங்களுக்குத் தெரிவதெல்லாம் கணவரின் காதும், அவர் தோளுக்கு மேலாக நீங்கள் ஏற்கெனவே கடந்துவந்த இடமும்தான். நெருங்கிய தழுவலில் பெண்கள் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, காதல் மயக்கம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உதவாத செய்திகள் வந்துகொண்டிருக்கும் ஒரு வாசலைச் சாத்திவிட்டு, உண்மையில் செய்தி வரும் வாசலில் போய் நிற்பதே அதில் பெரும்பகுதி. (மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடிச் சட்டம் துணைவரின் நெற்றிப்பொட்டில் குத்தும் என்பதால் கழற்றி மேசையில் வைத்துவிடுவோம். அதற்குப் பிறகு கண் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன.)

அந்த வாசலைச் சாத்துவது உங்களுக்குக் கூடுதல் சிரமமாக இருப்பதற்கு உங்கள் பரதப் பயிற்சியும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிற்கவும் நடக்கவும் உடல் மூன்று இடங்களிலிருந்து செய்தி பெறுகிறது: கண்கள், உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு, பாதங்களின் தோலும் தசையும் மூட்டுகளும் தரும் உணர்வு. கண்ணை மூடினால் மற்ற இரண்டும் அந்தச் சுமையை ஏற்க வேண்டும். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்று எட்டு ஆண்டுகள் பழக்கப்பட்ட உடல் உங்களுடையது. அதனிடமிருந்து திடீரென்று கண்ணைப் பறித்தால் அது விழித்துக்கொண்டு திகைக்கத்தான் செய்யும். இன்னொன்றும் இருக்கிறது. பரதத்தில் முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியில் எடை இரு கால்களுக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. டாங்கோவிலோ ஒவ்வோர் அடியின் முடிவிலும் எடை முழுவதும் ஒரே காலில் இருக்க வேண்டும், மற்றொரு கால் வெறுமையாக, அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். பயம் வந்தவுடன் உடல் தன் பழைய பழக்கத்துக்குத் திரும்பி இரு கால்களிலும் ஊன்றிக்கொள்ளும். அப்போது எந்தக் காலை அழைப்பது என்று உங்கள் கணவருக்கு எப்படித் தெரியும்? அந்த இரண்டு தடுமாற்றங்களில் ஒன்றாவது இப்படி நேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். அவ்வளவையும் அவர் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

அவர் பக்கத்துக்கு வருகிறேன். கண்ணை மூடி நிற்பவர், நிலையான ஒரு பொருளை விரல் நுனியால் தொட்டாலே, உடலைத் தாங்க முடியாத அளவுக்கு மிக லேசாகத் தொட்டாலும், அவரது உடலின் ஊசலாட்டம் குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. நள்ளிரவில் விளக்குப் போடாமல் சுவரை ஒரு விரலால் தடவியபடி அடுக்களைக்குப் போகிறோமே, அதேதான். ஆனால் சுவர் அசையாமல் இருக்க வேண்டும். டாங்கோவில் உங்கள் சுவர் உங்கள் துணைவரின் நெஞ்சு. தொடக்க நிலையில் இருக்கும் ஆண்கள் பெரும்பாலும் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். ஒன்று, காலைப் பார்த்தபடி நடப்பது. தலை குனிந்தால் நெஞ்சு உள்வாங்கிவிடும், உங்களுக்கு எட்ட வேண்டிய செய்தி அவருடைய சட்டையைத் தாண்டாது. மற்றொன்று, நெஞ்சால் சொல்ல வேண்டியதைக் கையால் சொல்வது. உங்கள் வலது கையைப் பிடித்திருக்கும் அவருடைய இடது கை தள்ளுகிறதா, இழுக்கிறதா என்று அடுத்த முறை கவனியுங்கள். கை ஒன்றும் நெஞ்சு ஒன்றுமாகச் சொன்னால், கண் திறந்திருக்கும்போது அவர் தோள் அசைவதைப் பார்த்து நீங்கள் ஊகித்துச் சமாளித்துவிடுவீர்கள். கண்ணை மூடியதும் அந்தச் சமாளிப்பு நின்றுபோகிறது. இத்தனை நாள் அவருடைய குறையைச் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்தது உங்கள் கண்கள் என்பதுதான் அன்று வெளிப்பட்டிருக்கிறது. ஆசிரியர்கள் இந்தப் பயிற்சியைத் தருவதும் அதைக் காட்டத்தான்.

ஆயினும் அந்தத் துணியைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தானாகக் கண்ணை மூடிக்கொண்டவர் வேண்டும்போது திறந்துகொள்ளலாம். கட்டப்பட்டவர் கையை எடுத்து, முடிச்சை அவிழ்க்க வேண்டும். அந்த ஒரு நொடி தாமதம் போதும், உடல் முழுவதும் இறுகிவிட. எட்டிப் பார்க்காமல் இருக்க உதவும் என்பதைத் தவிர வேறு நன்மை அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஏழு மாத மாணவிக்கு அது தேவையும் இல்லை. வகுப்பில் மீண்டும் சொன்னால், "நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், கட்டிக்கொள்ளவில்லை" என்று தயங்காமல் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் எவரும் வற்புறுத்தமாட்டார். துணிதான் வேண்டும் என்றால் அதை உங்கள் கணவருக்குக் கட்டுங்கள், நீங்கள் நடத்துங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆண்கள் தமக்குள் கூடிப் பயின்ற பழைய நாட்களில், புவெனஸ் ஐரிஸ் இளைஞர்கள் முதலில் பெண்ணின் அடிகளை ஆடப் பழகிய பிறகே நடத்தக் கற்றார்கள் என்று மூத்த ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. தழுவலின் மறுபக்கத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தவர், கையால் இழுக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

மிலோங்கா வேறு விஷயம். அங்கே இருபது முப்பது ஜோடிகள் ஒரே தளத்தில் இருப்பார்கள். கூட்டம் மிகுந்த ஒரு சனிக்கிழமை இரவில், நான் கண்ணை மூடி மெய்மறந்திருந்தபோது என் துணைவர் பொலெயோவுக்கு வழிகாட்டினார். காலைப் பின்னால் சாட்டைபோல் வீசும் அசைவு அது. அடக்கமாகத் தரையோடு செய்திருக்க வேண்டியதை நான் உயரத் தூக்கினேன். என் காலணியின் குதி, பின்னால் வந்த பெண்ணின் கணுக்காலுக்கு மேலே கிழித்துவிட்டது. அவர் கத்திய பிறகுதான் கண்ணைத் திறந்தேன். அவருடைய காலுறையில் சிறு நாணயம் அளவுக்கு இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அவர், "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லச் சொல்ல எனக்குத்தான் அழுகை வந்தது. அன்றுமுதல், கண் மூடியிருந்தால் என் கால் தரையை விட்டு எழாது என்பதை விதியாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் கணவரும் ரோண்டாவின் எதிர்த்திசையில் பின்னடி வைப்பதைக் கூட்டத்தில் அறவே தவிர்க்க வேண்டும். அவர் பார்க்க முடியாத திசை அது ஒன்றுதான். நடத்துபவர் தளத்தில் கண்ணை மூடக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், பாட்டின் உருக்கத்தில் மூடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மிலோங்காவில் முழு நேரமும் நீங்கள் கண்ணை மூட வேண்டும் என்று எந்த வழக்கமும் இல்லை. டாங்கோ பாட்டுகளை பெரும்பாலும் நான்கு நான்காகச் சேர்த்து ஒரு தாண்டாவாக ஒலிக்கவிடுவார்கள். ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம். முதல் பாட்டைக் கண் திறந்தே ஆடுங்கள். தளம் நெருக்கமாக இல்லை, கணவரின் நடை நிதானமாக இருக்கிறது என்று தோன்றினால், இரண்டாவது பாட்டில் நீண்ட நேர்நடை வரும் இடத்தில் மட்டும் மூடிப் பாருங்கள். கணவருக்குப் பின்னாலிருந்து யாரோ இடிக்க வருவதைக் கண்டால், கணவரின் தோளில் இருக்கும் உங்கள் இடது கையைச் சற்று அழுத்துங்கள். அனுபவமுள்ள பெண்கள் பலரும் இப்படித்தான் எச்சரிக்கிறார்கள், பேச்சே தேவையில்லை. பிற ஆண்களுடன் ஆடும்போது எது பிடிக்காவிட்டாலும் பாட்டின் நடுவிலேயே "கிராசியாஸ்" என்று நன்றி சொல்லி விலகலாம். அந்தச் சொல்லுக்கு அங்கே அதுதான் பொருள். (கணவரிடம் பாட்டு முடிந்தபின், பழக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள், ஏற்கெனவே வருத்தத்தில் இருக்கிறார்.)

உடல் சார்ந்த ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். துணையின்றித் தனியாக நின்று கண்ணை மூடினாலும், முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிக் கழுவும்போதும் தள்ளாடுகிறதா? அப்படியானால் அது டாங்கோ பிரச்சினை அல்ல, மருத்துவரைப் பாருங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்வு மங்கியவர்களுக்கும், உள்காதில் கோளாறு உள்ளவர்களுக்கும் இப்படி நேரும். அவர்கள் கண்ணை மூடி ஆடாமலிருப்பதே நல்லது. ஆசிரியருடன் ஒரு பாட்டு முழுவதும் நீங்கள் தடுமாறாமல் நடந்ததைப் பார்த்தால் உங்களுக்கு அப்படி இருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன்.

கணவரிடம் என்ன சொல்வது? ஆசிரியருடன் ஆடியபோது நன்றாகவே இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். மறைத்தால் அவர் நினைத்தது உண்மை என்று ஆகிவிடும். "அவருடைய அடுத்த அடி எனக்கு முன்கூட்டியே எட்டியது, உங்களுடையது அரை நொடி தாமதமாக எட்டுகிறது, அதைச் சேர்ந்து சரிசெய்வோம்" என்று சொல்லுங்கள். மனைவி தன்னை நம்பவில்லை என்ற வருத்தத்துக்கு அவரால் எதுவும் செய்ய முடியாது. அரை நொடித் தாமதத்துக்கு நிறையவே செய்ய முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரவேற்பறை மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, தட்டையான காலணியோடு தொடங்குங்கள். கார்லோஸ் டி சார்லியின் இசைக்குழு 1950களில் பதிவு செய்தவற்றில் ஒன்றைப் போடுங்கள். நிதானமான, தெளிவான தாளம். தாரியென்சோ குழுவின் இசை வேகமானது, புக்லியேசே குழுவின் இசை நின்று நின்று திரும்பும், இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். முதல் பாட்டு முழுவதும் நடக்கவே வேண்டாம். தழுவி நின்று, நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள, அவர் தம் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றட்டும். நீங்கள் எந்தக் காலில் நிற்கிறீர்கள் என்று அவர் வாய்விட்டுச் சொல்லட்டும். தவறாகச் சொன்னால் நீங்கள் திருத்துங்கள். பத்துக்குப் பத்தும் சரியாகச் சொன்ன பிறகு, அறையின் நீளத்துக்கு ஆறு அடிகள் எடுத்து வைத்து நேராக நடங்கள். திருப்பமும், எட்டு வடிவில் சுழன்று நடக்கும் ஓச்சோவும் வேண்டாம். அவர் பார்வை உங்கள் தலைக்கு மேலாக எதிர்ச்சுவரில் இருக்கட்டும். அடுத்த பாட்டுக்கு இடம் மாறிக்கொண்டு, நீங்கள் அவரை நடத்துங்கள். மேசை முனை இருக்கும் பக்கம் மட்டும் கவனம்.