மாற்றுத்திறன் குழந்தையின் பள்ளி உடைச் செலவு: எங்கே, எதைக் கேட்பது?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் அருகே வசிக்கும் நான் பீடி சுற்றிப் பிழைக்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள என் மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். காலில் அணியும் தாங்குகருவியான காலிப்பர் உரசிக் கால்சட்டை சீக்கிரம் கிழிகிறது. உடை நனைவதால் ஒரே நாளில் இருமுறை மாற்றவும் வேண்டியிருக்கிறது. சீருடைச் செலவுக்கு உதவி கிடைக்குமா?

பதில்: உடைக்கென்று தனியாகப் பணம் கேட்டு எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் வெறுங்கையோடு திரும்பவே வாய்ப்பு அதிகம். வேறு பெயர்களில் உள்ள உதவிகளைப் பெற்று, அவற்றிலிருந்து இந்தச் செலவைச் சமாளிப்பதே நடக்கக்கூடிய வழி.

முதலில் பள்ளியில் தொடங்குங்கள். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 4 இணைச் சீருடைகள் விலையின்றி வழங்கப்படுகின்றன. ஆனால் அவை சத்துணவுத் திட்டப் பயனாளிகளுக்கானவை. விழுங்குவதில் சிரமம் இருப்பதால் வீட்டிலிருந்து கரைத்த உணவு கொடுத்தனுப்பும் பெற்றோரின் பிள்ளைகள் அந்தப் பதிவேட்டில் இல்லாமல் போய், சீருடையையும் இழந்துவிடக்கூடும். உங்கள் மகனின் பெயர் அதில் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கருத்தில், பணத்தை விடவும் தையல்தான் இங்கே முக்கியம். பொதுவான அளவில் தைத்த கால்சட்டை காலிப்பருக்கு மேல் ஏறாது. ஏறினாலும் முழங்காலில் கிழியும். சீருடைகளைத் தைப்பது சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் என்பதால், அளவெடுக்கும் காலத்திலேயே, இவனுக்கு அகலமான கால், இடுப்பில் எலாஸ்டிக், பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். அது நடக்காவிட்டால், கொடுத்த உடையை உள்ளூர்த் தையல்காரரிடம் மாற்றிக்கொள்ள அனுமதி கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைப் பள்ளி செய்து தர வேண்டும் என்கிறது. ஆகவே வெல்க்ரோ வைத்த சட்டை சீருடை ஒழுங்கை மீறியதாகாது என்று தயங்காமல் வாதிடலாம்.

நீங்கள் பீடித் தொழிலாளி என்பதால் இன்னொரு வழியும் உண்டு. மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு, பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, 1 முதல் 4-ஆம் வகுப்பு வரை உடை, புத்தகம் வாங்குவதற்காக ஆண்டுக்கு ₹1,000 தருகிறது. தொழிலாளர் அடையாள அட்டையுடன் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதைப் பெறுபவர் வேறு கல்வி உதவித்தொகை பெற முடியாது என்பதால், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை பள்ளி வழியாக வழங்கும் கல்வி உதவித்தொகை இவ்வாண்டு எவ்வளவு என்று விசாரித்து, இரண்டில் கூடுதலானதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

ஆண்டு முழுவதும் கைகொடுப்பது மாதப் பராமரிப்பு உதவித்தொகையாகிய ₹2,000. அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும், அல்லது கடுமையான பாதிப்பு 75 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் இதற்கு விண்ணப்பிக்கலாம். மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்குப் பல நேரங்களில் கை கால் பாதிப்பை மட்டும் கணக்கிட்டுச் சான்று கொடுத்துவிடுகிறார்கள். அறிவுசார் பாதிப்பும் இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் இரண்டையும் மதிப்பிடச் சொல்லுங்கள். அந்த விழுக்காடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) இல்லையென்றால் அதற்கும் அப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

காலிப்பரும் அதற்குரிய காலணியும் உடைக் கணக்கில் சேராதவை. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் குழந்தைகளைக் கவனிக்கும் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லி, உபகரணங்களுக்கான மருத்துவ முகாமில் பெயர் சேருங்கள். மாற்றுத்திறன் மாணவியர்க்கு மாதம் ₹200 ஊக்கத்தொகையும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் உண்டு. பெண் குழந்தையுள்ள வாசகர்கள் அதையும் கேட்கலாம்.

இவை கைக்கு வரும் வரை அவசரத் தேவைக்குத் திங்கட்கிழமை தோறும் கொக்கிரகுளத்தில் உள்ள திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். ஆட்சியரின் விருப்புரிமை நிதியிலிருந்து சிறு உதவி வழங்க இடமுண்டு. (2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால், ஆலங்குளம் பக்கத்து வாசகர்கள் தென்காசி ஆட்சியரிடம் செல்ல வேண்டும்.) மனுவில் "உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், எத்தனை இணை உடை, என்ன மாற்றம், தையற்கூலி உட்பட எவ்வளவு செலவு என்று குறிப்பிட்டு, மருத்துவச் சான்று, தலைமையாசிரியர் கடிதம், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்து, மனு பெற்றதற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.