முதலுதவிப் பயிற்சியாளரின் தகுதியை யார் சோதிப்பது?

கேள்வி: லண்டனில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பலசரக்குக் கடை நடத்துகிறேன். இருவருக்கு முதலுதவிப் பயிற்சி தேவைப்படுகிறது. இரண்டே மணி நேரத்தில் இணையம் வழியாகவே முடித்துச் சான்றிதழ் தருவதாக ஒருவர் சொல்கிறார். ‘எச்.எஸ்.இ. அங்கீகாரம் பெற்றது’ என்றும் அவர் விளம்பரத்தில் இருக்கிறது. நம்பலாமா?
- வாசகர், ஹாரோ

பதில்: வேண்டாம். அந்த விளம்பர வரி ஒன்றே சந்தேகப்படப் போதுமானது. பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் எச்.எஸ்.இ., முதலுதவிப் பயிற்சி நிறுவனங்களுக்கு ஒப்புதல் வழங்குவதை 2013 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. 1981ஆம் ஆண்டின் முதலுதவி விதிகளில் அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பயிற்சி தருபவர் தகுதியானவர்தானா என்று ஆராய்ந்து பார்க்கும் பொறுப்பு கடை உரிமையாளரான உங்களுடையது.

உங்களுடையதைப் போன்ற ஆபத்து குறைந்த இடத்துக்குப் பொதுவாக 6 மணி நேர அவசர முதலுதவிப் பயிற்சி போதும். விரிவான பயிற்சிக்கு 18 மணி நேரம் வேண்டும். இரண்டு சான்றிதழ்களும் 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது திரையைப் பார்த்து வரும் பழக்கமல்ல. பயிற்சிப் பொம்மையின் மேல் கை வைத்து அழுத்தி, அருகில் நிற்பவர் திருத்தித் திருத்தித்தான் அது கைவரும். செய்முறைப் பகுதியை நேரில் நடத்தும்படி எச்.எஸ்.இ.யும் வலியுறுத்துகிறது.

பயிற்சியாளரிடம் தயங்காமல் கேளுங்கள். அவரிடம் காலாவதியாகாத முதலுதவிச் சான்றிதழோ, மருத்துவர், செவிலியர் போன்ற பதிவு பெற்ற தகுதியோ இருக்க வேண்டும். கற்பிக்கவும் மதிப்பிடவும் தனித் தகுதியும் வேண்டும். இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, அவருடைய வகுப்பைத் தகுதியுள்ள இன்னொருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் இருந்து கவனித்து மதிப்பிடுகிறாரா என்பதே. பல ஆண்டுகள் பாடம் நடத்தியவரின் தவறான கைப்பழக்கம் அவருடைய கண்ணுக்கே தெரியாது. அதை அப்படியே மாணவர்களும் கற்றுக்கொண்டு போவார்கள்.

இவ்வளவையும் தனியாக ஆராய நேரமில்லையென்றால், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றில் ஒன்றையோ, இங்கிலாந்தின் தகுதிச் சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவால் கண்காணிப்பில் உள்ள சான்றிதழை வழங்கும் மையத்தையோ நாடுங்கள். பணம் கட்டுமுன் மாதிரிச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் பயிற்சியின் பெயரும், 1981ஆம் ஆண்டு விதிகளுக்கு உரியது என்ற குறிப்பும், செல்லும் காலமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.