சுற்றுச்சூழலைப் பற்றித் தெரிந்துகொண்டால் தொழிலாளர்கள் வேலை செய்யும் விதம் மாறுமா?

மாறும், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் வகுப்பு எடுத்து மாறவில்லை.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் பல வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு போட்டுத்தான் வரும். ஊறப்போடுவதற்கு முன் அந்த உப்பை நன்றாக உதற வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையும் தண்ணீரில் கரைந்துவிடும். தோலைப் பதனிடப் போடும் குரோமியத்தையாவது காரம் சேர்த்துப் படிய வைத்துப் பிரித்துவிடலாம், கரைந்த உப்பு அப்படிப் படியாது. ஆர்.ஓ. வடிகட்டி, தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைக்கும் ஆவியாக்கி எல்லாம் தாண்டியும் கடைசியில் கண்டது கலந்த உப்பாகக் குவியும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இதையெல்லாம் பயிற்சியில் சொன்னோம். மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும், தோல் ஆலைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக அதில் வருவதையும் சொன்னோம். எல்லோரும் கேட்டார்கள், கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளும் பழையபடி ரெண்டே உதறல்.

பிறகொரு நாள் நன்றாக உதறிய தோல் ஊறிய தண்ணீரிலும், அரைகுறையாக உதறியது ஊறிய தண்ணீரிலும் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துக் காட்டினேன். உப்பு உதறும் அக்கா ஒருவர், பாலாற்றங்கரை ஊர்க்காரர், கேட்டார்: "இத்த எங்கூட்டுக் கெணத்துத் தண்ணியில வச்சிப் பாக்கலாமா சார்?"

மறுநாள் காலை ஏழெட்டு பாட்டில்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அக்காவின் பாட்டிலில் எண் ஏறிக்கொண்டே போனது. "எங்க மாமியாரு இருந்தப்ப இந்தத் தண்ணியிலதான் பருப்பு வேவும்," என்றார். வேறு யாரும் பேசவில்லை. அந்த உப்பு எந்த ஆலையிலிருந்து போனது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் உப்பு எப்படிப் போகும் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து தோலைப் புரட்டிப் புரட்டி உதறினார்கள். புதிதாக வந்தவர்களுக்கும் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள்.

ரெண்டு வாரம்தான் அது நீடித்தது. கூலி தோல் எண்ணிக்கைக்கு என்பதால், நன்றாக உதறியவர்களுக்குக் கூலி குறைந்தது. விவரம் தெரிந்தே பழையபடி அவசரமாக உதறினார்கள், அதில் அவர்கள் தப்பு துளியும் இல்லை. இந்த இடத்தில்தான் பல நிர்வாகங்கள் 'விழிப்புணர்வு போதவில்லை' என்று இன்னொரு வகுப்பு வைக்கின்றன. எனக்கு அதைப் பார்த்தால் இன்றும் கோபம் வரும்.

முதலாளியிடம் பல மாதம் பேசி, உதறும் வேலையை நாள்கூலியாக்கினோம். அதன் பிறகு உதறிய உப்பைத் தினமும் சாயங்காலம் எடை போடச் சொல்லிக் கேட்டது அந்த அக்காதான். எடையைச் சுவரில் கரியால் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.