சீனாவின் சுவான்சோ நகரம் எப்படிப்பட்டது? தமிழ்க் கல்வெட்டைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

இந்தத் "தவிர"வுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் சரக்கு பார்க்கப் போகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். குவாங்சோவுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள், அது வேறு மாகாணம். சுவான்சோ இருப்பது ஃபூஜியானில், தைவானுக்கு எதிர்க்கரையில்.

எனக்கு ஆம்பூரில் ஷூ தொழில். போனது சோல் வாங்க. சுவான்சோவுக்குள் அடங்கிய ஜின்ஜியாங்கில்தான் ஆன்டா, 361 டிகிரி மாதிரியான ஷூ பிராண்டுகள் எல்லாம் முளைத்தன. அங்கே ஒரு கடையில் லேஸ் மட்டும் விற்பார்கள், அடுத்ததில் ஐலெட் (லேஸ் ஓட்டைக்கான வளையம்) மட்டும், எதிரே கூரை வரைக்கும் லாஸ்ட், அதாவது ஷூ தைக்கிற கால் அச்சு, குவித்திருக்கும். நான் டிசைனைக் காட்டியதும் முதலாளி வாயே திறக்கவில்லை, டீ ஊற்றினார். பக்கத்து ஆன்சி மலையில் விளையும் திகுவான்யின். இரண்டு விரலில் பிடிக்கிற கோப்பை, காலியாக விடவே மாட்டார்கள். நாலைந்து கோப்பை உள்ளே போன பிறகுதான் விலைப் பேச்சு. தன்னிடம் இருந்த மோல்டிலேயே நான் கேட்ட நிறத்தில் மறுநாள் சாம்பிள் கொடுத்துவிட்டார்.

"நம்ம ஊரில் முடியாதா?" என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். முடியும். தோல் வேலையில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. ஆனால் மோல்டு வெட்டுகிறவரும், ஈ.வி.ஏ. என்கிற லேசான ஃபோமில் சோல் போடுகிறவரும், மெஷ் துணி விற்கிறவரும் நமக்கு ஒரே தெருவில் கிடைப்பதில்லை.

சரி, கல்வெட்டு. 1281-இல், சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் காலத்தில், அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்ததைச் சொல்கிறது. கையுவான் புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், தூணில் நரசிம்மர் இருக்கிறார். எனக்குப் புல்லரித்தது உண்மை. அதற்காக "தமிழன் சீனாவை ஆண்டான்" என்று வாட்ஸ்அப்பில் தள்ளாதீர்கள். கானின் உடல்நலத்துக்காக எழுப்பியது என்று அந்தக் கல்லே சொல்கிறது. பிழைக்கப் போன இடத்தில் நம்மவர்கள் ராஜாவை அனுசரித்து நடந்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 2021-இல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் அந்தப் பழைய துறைமுக வணிகத்துக்காகத்தான்.

அங்கே எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. வந்ததெல்லாம் இங்கே. சரக்கு இறங்கியதும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவர் ஹெச்.எஸ். கோடை (சரக்கு என்ன வகை என்று சுங்கத்துக்குச் சொல்கிற எண்) மாற்றிப் போட்டு, கண்டெய்னர் துறைமுகத்திலேயே கிடந்தது. அப்படிக் கிடந்ததற்கான தாமதக் கட்டணம், டெமரேஜ், அதைக் கட்டியது நான். அவருடைய சர்வீஸ் சார்ஜில் மட்டும் ஒரு ரூபாய் குறையவில்லை. கேட்டால், "சைனா சரக்குன்னா அப்படித்தான் சார்" என்கிறார்.